என் தம்பிக்கு வேலை இருக்கிறதா, இல்லையா?

கொருக்குப்பேட்டை கேட் | ஞாயிறு இரவு 9:40

போன செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணி இருக்கும். தண்ணி லாரியில் பிடித்த குடங்களை உள்ளே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்டோடு ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகத்திலிருந்து வருகிறாராம். தொழிலாளர் கணக்கெடுப்பு. எங்கள் தெருவில் சில வீடுகளைக் குலுக்கிப் போட்டு எடுத்திருக்கிறார்கள், அதில் எங்கள் வீடும் ஒன்று. "குலுக்கல்ல விழுந்தா ஃப்ரிட்ஜு குடுப்பாங்கன்னு பாத்தா கேள்வி குடுக்குறாங்க" என்று பக்கத்து வீட்டு ஆயா சிரித்தது.

என் தம்பிக்கு 24 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து மூன்று வருடம் ஆகிறது. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். கைச்செலவுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு சாயந்திரம் சாப்பாடு டெலிவரிக்குப் போவான். அவனைப் பற்றிக் கேட்டதும் என் அம்மா, "அவன் சும்மாதாங்க இருக்கான்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா விடவில்லை. போன ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது காசு வருகிற வேலை ஏதாவது பார்த்தாரா என்று கேட்டார். சனிக்கிழமை மழையில் நாலு மணி நேரம் ஓட்டினான், 310 ரூபாய் வந்தது, பெட்ரோல் போக மிச்சம் இருநூற்றுச் சொச்சம் என்று நான் சொன்னேன்.

"அப்ப வேலையில இருக்காரு" என்று டேப்லெட்டில் தட்டிவிட்டார்.

அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லி வச்சும் கிடைக்காத வேலைய இந்தம்மா ஒரு நிமிஷத்துல போட்டுக் குடுத்துட்டாங்க" என்று அன்று முழுக்க ஒரே புலம்பல்.

எனக்கு நிஜமாகவே புரியவில்லை. என் தம்பி வேலையில்லாதவனா, இல்லையா? இவனை வேலையில் இருப்பவன் என்று எழுதினால் நாட்டில் வேலையின்மை என்று ஒரு நம்பர் சொல்கிறார்களே, அது யாருடைய நம்பர்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எக்கோ வாத்தியார் | ஞாயிறு இரவு 10:25

தங்கச்சி, அந்த அம்மா தப்பு எதுவும் செய்யவில்லை. இந்தக் கணக்கெடுப்பு 2017-ல் தொடங்கியது. இதில் இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்று வாரக் கண்ணாடி. கடந்த 7 நாளில் எந்த ஒரு நாளிலாவது ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் அந்த வாரம் நீங்கள் வேலையில் இருந்தவர். இன்னொன்று வருடக் கண்ணாடி. கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தீர்கள் என்று பார்ப்பார்கள். பெரும்பகுதி வேலையில்லாமல் இருந்தாலும், துணை வேலையாக 30 நாளாவது ஏதாவது பார்த்திருந்தால் வேலையில் இருப்பவர்களோடு சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் தம்பி எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் தப்ப முடியாது.

ஒரு மணி நேரம் என்பது நம் ஆட்கள் கண்டுபிடித்த தந்திரம் இல்லை, உலகம் முழுக்க அதே அளவுகோல்தான். நாட்டின் உற்பத்தியில் அந்த ஒரு மணி நேரமும் சேர்கிறது, அதனால் வேலைக் கணக்கிலும் சேர வேண்டும் என்பது வாதம். அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் அந்த எண் ஓர் ஆளின் கஷ்டத்தை அளப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. இதை என் மாணவர்களிடம் நூறு முறை சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலையின்மை விகிதத்தை மொத்த மக்கள்தொகையால் வகுப்பதில்லை. வேலையில் இருப்பவர், வேலை தேடுபவர், கிடைத்தால் போகத் தயாராக இருப்பவர், இவர்கள் மட்டும்தான் உழைப்புப் படை. கல்லூரியில் படிப்பவர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர், தேடித் தேடி அலுத்து இனிமேல் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டவர் எல்லாம் கணக்குக்கு வெளியே. வருடக் கண்ணாடிப்படி 2017-18-ல் 6.1 சதவீதம், 2023-24-ல் 3.2 சதவீதம். அதே 2023-24-ல் 15 முதல் 29 வயதுக்காரர்களை மட்டும் எடுத்தால் 10.2. 2025 ஏப்ரலிலிருந்து மாதாமாதம் வாரக் கண்ணாடியில் வெளியிடுகிறார்கள். முதல் மாத எண் 5.1. இந்த 5.1-ஐ அந்த 3.2-க்குப் பக்கத்தில் வைத்து ஏறிவிட்டது என்று டிவியில் கத்துபவர்களை நம்பாதீர்கள். தராசே வேறு.

டோல்கேட் பையன் | ஞாயிறு இரவு 10:31

3.2-ஆ? எங்கள் தெரு முனை டீக்கடை பெஞ்சிலேயே அதைவிட ஜாஸ்தி இருக்கும் சார்.

எக்கோ வாத்தியார் | ஞாயிறு இரவு 10:38

அந்த பெஞ்சில் இருப்பவர்களிடம் போன வாரம் ஒரு மணி நேரமாவது ஏதாவது செய்தீர்களா என்று கேட்டுப் பார். ஒருத்தன் கல்யாண மண்டபத்தில் பரிமாறியிருப்பான், ஒருத்தன் மாமா ஆட்டோவை ஓட்டியிருப்பான். எல்லோரும் வேலையில் இருப்பவர்கள். வேலை இல்லாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும் தம்பி. ஆறு மாதம் வீட்டில் சோறு போட ஆள் இருந்தால்தான் நல்ல வேலை வரட்டும் என்று காத்திருக்க முடியும். ஏழை வீட்டில் அது முடியாது. கிடைத்ததைப் பார்ப்பான், கணக்கிலிருந்து மறைந்துவிடுவான். படிப்பு கூடக் கூட வேலையின்மை விகிதம் கூடுகிறதே, அதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஓட்டேரி சங்கு | திங்கள் காலை 6:10

எண்களை வாத்தியார் சொல்லிவிட்டார், கதையை நான் சொல்கிறேன். எனக்கு 66 வயது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கடிகாரம் இல்லாத வீடுகளுக்குக்கூட நேரம் தெரியும். பி அண்ட் சி துணி மில் சங்கு ஊதினால் புளியந்தோப்பு, ஓட்டேரி, பெரம்பூர் மூன்றும் சேர்ந்து எழுந்திருக்கும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம், சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரலில் இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் பிறந்தது. சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய மண் இது. அந்த மில் 1996-ல் மூடியது. அப்புறம் ரொம்ப நாளைக்கு சினிமாக்காரர்கள் உள்ளே சண்டைக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அடுக்குமாடி.

ஏன் மூடியது என்று கேட்டால் ஒரே காரணம் சொல்பவனை நம்பாதீர்கள். நூற்பு, நெசவு எல்லாம் ஒரே கூரைக்குள் செய்த பெரிய ஆலைகள் நாடு முழுக்க விசைத்தறியிடம் தோற்றன. பழைய இயந்திரம், மாறிய துணி ரசனை, உள்ளே தகராறு. போதாததற்கு, ஓடும் ஆலையைவிட அது நிற்கும் நிலத்துக்கு விலை அதிகம் என்றாகிவிட்டது. பம்பாயில் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நடந்ததைப் படித்தால் நம் ஊர்க் கதையை வேறு ஊர் பேர் போட்டு எழுதியது போலிருக்கும்.

நான் சொல்ல வந்தது மில்லைப் பற்றி இல்லை. கேட்டுக்கு எதிரே என் பெரியப்பா மகன் டீக்கடை வைத்திருந்தார். நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கும், பக்கத்துக்கு ஒரு ஆள். பெயர்கூட எழுத மாட்டார், டிபார்ட்மெண்ட்டும் டோக்கன் நம்பரும்தான். சம்பளத்தன்று ஒவ்வொரு பக்கமாகக் கோடு போட்டு அடிப்பார். ஆலை தடுமாறத் தொடங்கியதும் முதலில் வடை நின்றது. அப்புறம் ஒரு டீயை வாங்கி இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்தார்கள். அப்புறம் கோடு போடாத பக்கங்கள் சேர்ந்தன. கடைசியில் டீ மாஸ்டரை அனுப்பிவிட்டார், பாய்லர் எதிரே பதினெட்டு வருடம் நின்ற மனுஷன். அந்த மாஸ்டர் மில் ஆளே இல்லை. பி.எஃப். கிடையாது, நஷ்ட ஈட்டுப் பட்டியலில் பேர் கிடையாது. மில்லில் வேலை போனவர்கள் எத்தனை பேர் என்று எழுதினார்களே, அதில் அவர் இல்லை. அந்த நோட்டு இன்னும் எங்கள் பரணில் கிடக்கிறது.

எக்கோ வாத்தியார் | திங்கள் காலை 7:45

ஐயா, வகுப்பில் ஒரு வாரம் நடத்துவதை நோட்டுப் புத்தகத்தோடு முடித்துவிட்டீர்கள்.

ஒருவர் செலவு இன்னொருவர் வருமானம். மில் ஆள் வடையை நிறுத்தினால் மாஸ்டருக்கு வேலை போகிறது, மாஸ்டர் மளிகையைக் குறைத்தால் மளிகைக் கடைப் பையனுக்கு வேலை போகிறது. இது நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால்? 1933-ல் அமெரிக்காவில் நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. அதுவரை பொருளாதார அறிஞர்கள் பலர் கூலியைக் குறைத்தால் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று நம்பினார்கள். 1936-ல் கெய்ன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் அதைத் திருப்பிப் போட்டார். கூலியைக் குறைத்தால் வடை வாங்க ஆள் ஏது? ஆட்கள் சோம்பேறி ஆனதால் வேலை போகவில்லை, சரக்கு வாங்கக் கையில் காசில்லாததால்தான் போனது, அப்படியான நேரத்தில் அரசு செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றார். இதைச் சுழற்சி வேலையின்மை என்கிறோம். மந்தம் விலகினால் இதுவும் விலகும்.

ஆனால் மில் விஷயம் அது மட்டுமல்ல. மந்தம் போய் நாடு வளர்ந்தது, மில் திரும்பி வரவில்லை. தொழிலே இடம் மாறிவிட்டது, ஆட்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அது அமைப்பு சார் வேலையின்மை. அதற்கு செலவைக் கூட்டினால் மட்டும் போதாது.

ராயபுரம் பாலம் | திங்கள் காலை 9:20

நான் துறைமுகத்துக் கதை. என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். ஒரு கப்பலைக் காலி செய்ய கேங் கேங்காக ஆட்கள் இறங்குவார்கள், நாள்கணக்கில் வேலை. கன்டெய்னர் வந்தது, ஒரு கிரேன் ஆபரேட்டர் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாக எடுத்து வைக்கிறார். 2001-ல் கன்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது. எண்ணூரில் தனித் துறைமுகம் வந்ததும் அதே வருடம். சரக்கு குறையவில்லை, ஆட்கள் குறைந்தார்கள்.

ஆனால் நான் ஒன்று சொன்னால் எங்கள் தெருவிலேயே சண்டைக்கு வருவார்கள். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்குவது நின்றது. அதற்கு முன்னால் எங்கள் மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட முடியாது. சாயந்திரம் எடுத்தால் மடிப்பில் மடிப்பில் கருப்புப் பொடி. அக்கா பையனுக்கு வீசிங். நின்றதும் ஊரே மூச்சு விட்டது. அதே வருடம் நிலக்கரி லாரியில் ஓடிய, கரி அள்ளிய எத்தனையோ பேருக்குப் பிழைப்பு போனது. அதில் என் மாமாவும் ஒருவர். மாமாவுக்கு வேலை போனது, அக்கா பையனுக்கு மூச்சு வந்தது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நிலக்கரியும் எங்கேயும் ஒழியவில்லை, எண்ணூருக்குப் போனது. அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள் அவர்கள் மாடியைப் பற்றி.

டோல்கேட் பையன் | திங்கள் மதியம் 1:05

எல்லோரும் பழைய கதையே பேசுகிறீர்கள். இப்போது என்ன பிரச்சினை என்று நான் சொல்லட்டுமா? மணலி, எண்ணூர் எங்கே போனாலும் இந்திதான் கேட்கிறது. வடநாட்டு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். நம் பையன்கள் எங்கே போவார்கள்?

மணலி ஷிஃப்ட் | திங்கள் மதியம் 2:30

> நம் பையன்கள் எங்கே போவார்கள்?

தம்பி, நான் பதினொரு வருடமாக கான்ட்ராக்டில் ஃபிட்டர். நேரில் பார்ப்பதைச் சொல்கிறேன். ஷட்டவுன் என்றால் தெரியுமா? பெரிய ஆலையைச் சில வாரம் நிறுத்திவிட்டு குழாய், கொதிகலன், வால்வு எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவார்கள். அந்த நாட்களில் வெல்டர், ரிக்கர், ஹெல்பர் என்று யார் வந்தாலும் வேலை உண்டு. கேட் பாஸில் ஒரு தேதி அச்சடித்திருக்கும். அந்தத் தேதி முடிந்தால் உன் வேலையும் முடிந்தது. அடுத்த ஷட்டவுன் வரை நான் கொடுங்கையூரில் கேட் கிரில் அடித்துக்கொண்டிருப்பேன். என்னை யாரும் வேலையில்லாதவன் என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லிக்கொள்வதில்லை.

ஜார்க்கண்ட் பையனை கான்ட்ராக்டர் ஏன் எடுக்கிறார்? ஷெட்டிலேயே தங்குவான். பன்னிரண்டு மணி நேரம் நிற்பான். வீட்டில் காரியம் என்று லீவு கேட்க மாட்டான், கேட்டாலும் போக முடியாது. சங்கம் கிடையாது. அவன் கூலி குறைவு என்பதைவிட அவனுக்குப் போக்கிடம் இல்லை என்பதுதான் கான்ட்ராக்டருக்கு லாபம். போன ஷட்டவுனில் கூட வேலை பார்த்த ஒருவன் கை விரலில் அடிபட்டுக்கொண்டான். கட்டுப் போட்டு மூன்றாம் நாள் ரயில் ஏற்றிவிட்டார்கள். அவன் வந்து உன் வேலையைப் பிடுங்கவில்லை. உன்னை வைத்துச் செய்ய முடியாததை அவனை வைத்துச் செய்கிறார்கள்.

ஓட்டேரி சங்கு | திங்கள் மாலை 4:15

அவனும் சேர்ந்து டீ குடிக்கிறானே தம்பி. அவன் வாடகை கொடுக்கும் வீடு, அவன் ரீசார்ஜ் செய்யும் கடை, அவன் வாங்கும் கோதுமை மாவு எல்லாம் நம் ஆளுக்கு வருமானம்தான். ஊரில் இவ்வளவுதான் வேலை, அதை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட வேண்டும் என்பது பாகப்பிரிவினைக் கணக்கு, வேலைக்கு அது பொருந்தாது. அப்புறம், வியாசர்பாடியில் 1960-களில் பர்மாவிலிருந்து வந்து இறங்கினவர்கள் யார்? ரங்கூனில் அவர்களைப் பார்த்தும் இதே பேச்சுதான் பேசினார்கள்.

நெறியாளர் | திங்கள் மாலை 5:00

மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஊர் பேர், மொழி பேர் சொல்லித் திட்டுவது வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, கெடுக்காதீர்கள்.

காசிமேடு ஐஸ்பெட்டி | திங்கள் இரவு 8:50

எங்கள் ஏரியாவில் வேலையின்மைக்குத் தேதியே உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61. மீன் குஞ்சு பொரிக்கும் காலம், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. சரியான சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. படகில் போகிறவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு, 5,000-ஆக இருந்ததை 8,000 ஆக்கினார்கள்.

ஆனால் ஒரு விசைப்படகு கரையில் நின்றால் படகு ஆட்கள் மட்டுமா நிற்கிறார்கள்? ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், ஏலம் விடுபவர், மீன் வெட்டிக் கொடுக்கும் அம்மாக்கள், இட்லிக் கடை எல்லாம் நிற்கும். இவர்களில் பலர் பட்டியலில் வருவதில்லை. என் மாமியார் அந்த இரண்டு மாதம் வெட்டுக்கத்தியைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டு மூலக்கடை பக்கம் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போவார். ஜூன் 15 காலை கத்தி வெளியே வரும். கணக்கெடுப்பு அம்மா மே மாதம் வந்தால் ஒரு பதில், ஜூலையில் வந்தால் வேறு பதில்.

எண்ணூர் ட்ரெய்லர் | செவ்வாய் காலை 11:15

எல்லோரும் வேலை இல்லை என்கிறீர்கள், என்னிடம் ஆறு ட்ரெய்லர் இருக்கிறது, இரண்டு வண்டி டிரைவர் இல்லாமல் நிற்கிறது. இந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தனும் வர மாட்டேன் என்கிறான். இதற்கு என்ன பெயர் வாத்தியாரே?

மணலி ஷிஃப்ட் | செவ்வாய் காலை 11:40

அண்ணே, ட்ரிப்புக்குத்தானே காசு? எக்ஸ்பிரஸ் ரோட்டில் கியூவில் ஒன்றரை நாள் நின்றால் அதற்கு என்ன கொடுக்கிறீர்கள்?

எண்ணூர் ட்ரெய்லர் | செவ்வாய் மதியம் 12:05

பேட்டா கொடுக்கிறோம். நிற்பதற்கெல்லாம் தனியாகக் கொடுத்தால் எனக்குக் கட்டாது. எனக்கே ஷிப்பிங்காரன் நிற்கிற நேரத்துக்குக் கொடுப்பதில்லை. டீசல், டயர், ட்யூ எல்லாம் தெரிந்ததுதானே.

எக்கோ வாத்தியார் | செவ்வாய் மதியம் 1:30

பெயர் சொல்வது சுலபம் அண்ணே, பொருத்தமின்மை. ஒரு பக்கம் காலி இடம், மறு பக்கம் காலி ஆள், நடுவில் பாலம் இல்லை. கனரக லைசென்ஸ் எடுக்கக் காசும் காலமும் வேண்டும். கூலி இல்லாமல் மறைந்துபோகும் நேரம் இன்னொன்று. கியூவில் நிற்கும் ஒன்றரை நாளையும் சேர்த்து வகுத்தால் மணிக்கு என்ன விழுகிறது என்று பையன்கள் கணக்குப் போடுகிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள். உங்கள் மேல் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். துறைமுக வாசலில் வீணாகும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி மேலிருந்து உருண்டு உருண்டு டிரைவர் தலையில் வந்து விழுகிறது.

கேரம் ரெட் | செவ்வாய் இரவு 9:10

பாலம் என்றதும் ஞாபகம் வந்தது. நான் வியாசர்பாடி. பி.காம். முடித்து முதல் முதலாக ஓர் இன்டர்வியூ, தென்சென்னையில் ஓர் ஆபீஸ். எல்லாம் நன்றாகப் போனது. ரெஸ்யூமில் முகவரியைப் பார்த்தார். "ஓ, வியாசர்பாடியா" என்றார். அந்த "ஓ" இருக்கிறதே. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் வீட்டில் யாராவது போலீஸ் கேஸில் இருக்கிறார்களா, இவ்வளவு தூரம் தினமும் வர முடியுமா என்பதுதான். கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. அடுத்த இன்டர்வியூவுக்கு பெரம்பூர் என்று அத்தை வீட்டு முகவரியைப் போட்டேன். கிடைத்தது. திறமை அதேதான், சட்டைகூட அதே நீலச் சட்டைதான்.

எங்கள் ஏரியாவில் ஃபுட்பால், கேரம், பாக்சிங் என்று பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்களே, பாதிப் பேருக்கு மனதில் இருப்பது ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஐ.சி.எஃப்.பிலோ ரயில்வேயிலோ ஒரு வேலை. மைதானத்தில் யாரும் முகவரி கேட்பதில்லை.

டோல்கேட் பையன் | செவ்வாய் இரவு 9:22

இது உண்மை ப்ரோ. என் அண்ணன் மூலக்கடை என்று போடுவான்.

சும்மா இருப்பவன் | புதன் காலை 12:48

அக்கா, இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். அந்தத் தம்பி நான்தான். 310 இல்லை, 318.

எல்லோரும் என்னைப் பற்றிப் பேசியாகிவிட்டது, நானும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். டிப்ளமோ முடித்ததும் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். 12,500 ரூபாய். பதினொரு மாதம். பன்னிரண்டாவது மாதம் எங்கள் பேட்ச் மொத்தத்தையும் அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச்சை எடுத்தார்கள். போகும்போது ஒரு சர்டிபிகேட், ஒரு டிபன் பாக்ஸ். அந்த டிபன் பாக்ஸில்தான் அம்மா இப்போது புளி வைத்திருக்கிறார். இன்னொரு கம்பெனிக்குப் போனால் அங்கேயும் அதே பதினொரு மாதம்தான் என்கிறார்கள். லைனில் நான் கற்றுக்கொண்டது ஒரு போல்ட்டை ஒரே அளவுக்கு முறுக்குவது. அதை வைத்து வெளியே என்ன செய்வது?

குரூப் 4 லாட்டரி என்று எனக்கும் தெரியும். 2024-ல் 6,244 இடம் என்று அறிவித்தார்கள், 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பம் போட்டோம். ஆனால் அந்த லாட்டரியில் விழுந்தால் 58, 60 வயது வரை யாரும் டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். அதற்குத்தான் படிக்கிறேன்.

எக்கோ வாத்தியார் | புதன் காலை 7:20

தம்பி, உன்னை யாரும் குறை சொல்லவில்லை. நல்ல வேலைக்கும் சாதாரண வேலைக்கும் நடுவே பள்ளம் பெரிதாக இருந்தால் மக்கள் வரிசையில் நிற்பார்கள், நிற்பதுதான் புத்திசாலித்தனம். ஒவ்வொருவருக்கும் அது சரியான முடிவு, ஊருக்கு மொத்தமாகப் பார்த்தால் 20 லட்சம் பேரின் இரண்டு மூன்று வருடம். பள்ளத்தைக் குறைக்காமல் வரிசையில் நிற்பவனைத் திட்டிப் பயனில்லை.

ஒரு விஷயம் கேட்கிறேன். அந்தக் கம்பெனியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்களா? வேலை போனால் 90 நாள் வரை சம்பளத்தில் ஒரு பங்கு கொடுக்கும் திட்டம் ஒன்றை இ.எஸ்.ஐ. 2018-ல் கொண்டுவந்தது. கொரோனா காலத்தில் அந்தப் பங்கைப் பாதிச் சம்பளமாக்கினார்கள். நிறையப் பேருக்குத் தெரியாது.

சும்மா இருப்பவன் | புதன் காலை 7:31

டிரெய்னிக்கு இ.எஸ்.ஐ. இல்லை சார். உதவித்தொகை என்றுதான் சம்பளச் சீட்டிலேயே போட்டிருந்தது.

மின்ட் 33 | புதன் காலை 10:10

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருக்கிறாயா தம்பி? நான் பத்தாவது முடித்ததும் பதிந்தது, மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருந்தேன், கல்யாணமாகி பையன் பத்தாவது முடித்துவிட்டான். இன்னும் ஒரு இன்டர்வியூ கார்டு வரவில்லை. 2023-ல் தமிழ்நாட்டில் பதிந்தவர்கள் 60 லட்சத்துக்கு மேல் என்று செய்தி போட்டார்களே, அதில் நானும் ஒருத்தி. நான் தனியார் பள்ளியில் வேலையில்தான் இருக்கிறேன்! அந்தக் கணக்கு இந்தப் பக்கம் ஓட்டை, கணக்கெடுப்பு அந்தப் பக்கம் ஓட்டை.

ஐந்து வருடம் பதிவு இருந்தால் அரசு உதவித்தொகை உண்டு. பத்தாவது தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் 2-வுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருடம் வரை. 600 ரூபாயில் என்ன வரும் என்று கேட்காதீர்கள், பஸ் பாஸாவது வரும்.

சரி, இழை ஆரம்பித்த பெண்ணே, தம்பியைப் பற்றி ஊரே பேசியாகிவிட்டது. நீ என்ன செய்கிறாய்? உன்னைப் பற்றி அந்த அம்மா என்ன எழுதினார்?

கொருக்குப்பேட்டை கேட் | புதன் இரவு 10:05

அக்கா, இதை யாராவது கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை.

நான் பி.எஸ்சி. மேத்ஸ். சிறுசேரியில் ஒரு அலுவலகத்தில் இரண்டு வருடம் இருந்தேன், ஷிப்பிங் பில் சரிபார்க்கும் வேலை. காலை ஆறேகாலுக்குக் கிளம்ப வேண்டும். கேட் போட்டிருந்தால் அதோடு போச்சு, கூட்ஸ் போய் முடிய இருபது நிமிஷம். பீச் போய் பறக்கும் ரயில், திருவான்மியூரில் இறங்கி பஸ். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். 16,000 சம்பளத்தில் போக்குவரத்தும் வெளிச் சாப்பாடும் போக மீதி எவ்வளவு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்கு முட்டி தேய்மானம் வந்தது, தண்ணி தூக்க முடியவில்லை. தம்பி அப்போது ஒரகடத்தில். வீட்டில் ஒருத்தர் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கவே இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கணக்கெடுப்பு அம்மா என்னைப் பற்றிக் கேட்டபோது நான் அவருக்குத் தண்ணி எடுக்க உள்ளே போயிருந்தேன். "அவ வீட்ல இருக்கா" என்று அம்மா சொல்லியிருக்கிறார். வரும்போது டேப்லெட்டில் பார்த்தேன், 92 என்று ஒரு எண். என்னது என்று கேட்டேன். வீட்டு வேலைகள் என்றார்.

எக்கோ வாத்தியார் | புதன் இரவு 10:40

92 என்றால் நீங்கள் உழைப்புப் படையிலேயே இல்லை தங்கச்சி. உங்களுக்கு வேலை இல்லை என்று எந்த எண்ணும் சொல்லாது.

நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புப் படையில் இருந்தவர்கள் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7. பெரிய ஏற்றம்தான். ஆனால் அதில் குடும்பக் கடையிலோ வயலிலோ சம்பளமில்லாமல் உதவுகிறவர்களும் சேர்த்தி. ஐஸ்பெட்டி அவர்களின் மாமியார் போன்றவர்கள் ஒழுங்காகக் கேட்டால் மட்டும் கணக்கில் வருவார்கள். மற்றபடி வேலைக்குப் பெண்கள் வருவதில்லை என்று பேசும்போது தூரத்தைப் பற்றியும் தண்ணிக் குடத்தைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. ஒரு விஷயம். பக்கத்தில் வேலை கிடைத்தால் போவீர்களா?

கொருக்குப்பேட்டை கேட் | புதன் இரவு 10:52

நாளைக்கே போவேன் சார்.

எக்கோ வாத்தியார் | புதன் இரவு 10:55

அப்படியானால் 92 தப்பு. கேள்வியை உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை கேட் | அடுத்த மாதம், வெள்ளி மதியம் 3:20

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். அந்த அம்மா இன்று மறுபடி வந்தார். ஒரு வீட்டுக்கு மொத்தம் நான்கு முறை வருவார்களாம். இந்த முறை போன ஏழு நாளைப் பற்றி மட்டும் கேட்டார். தம்பி மூன்று சாயந்திரம் ஓட்டியிருந்தான், அதனால் அவன் பழையபடி வேலையில்தான் இருக்கிறான். என் பெயர் வந்ததும் அம்மா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் நாளைக்கே போவேன், இரண்டு இடத்துக்கு ரெஸ்யூம் அனுப்பியிருக்கிறேன் என்றேன். தேதி கேட்டார், சொன்னேன். தட்டிக்கொண்டார்.

அம்மா சும்மா இருப்பாரா? "இப்ப எங்க வீட்ல வேலையில்லாதவங்க எத்தன பேரும்மா?" என்று கேட்டார்.

"ஒருத்தர்மா. போன மாசம் யாருமே இல்ல."

ராயபுரம் பாலம் | வெள்ளி மாலை 6:45

பாரிமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமெண்டேஷனுக்கு ஆள் தேடுகிறார்கள். பில் சரிபார்த்த அனுபவம் வேண்டுமாம். சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் உங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். இன்பாக்ஸ் பாருங்கள்.